கணவாயும் அனுமதிச்சீட்டும்: குமாவோன், கர்வால் எல்லைப் பள்ளத்தாக்குகளின் நுழைவு வரலாறு

உத்தராகண்ட் மாநிலத்தின் வடக்கு விளிம்பில், திபெத் எல்லையை ஒட்டி அமைந்துள்ள நேலாங், மானா, நீத்தி, ஜோஹார், தார்மா, பியான்ஸ் ஆகிய உயர்மலைப் பள்ளத்தாக்குகளின் மேற்பகுதிகளில் நடைப்பயணம் மேற்கொள்ள விரும்புவோர், கூடாரத்தையும் கம்பளி உடையையும் திரட்டுவதற்கு முன்பாக அனுமதிகளைத் திரட்ட வேண்டியுள்ளது. வருவாய்க் கோட்டாட்சியர் அளிக்கும் நுழைவுச்சீட்டு, காப்புக் காடு எனில் வனத்துறையின் இசைவு, சிகரம் ஏறுவதாயின் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் ஒப்புதல், வழியிலுள்ள எல்லைக் காவல் சாவடிகளில் பதிவு எனப் பல படிகள் கொண்ட இந்நடைமுறை 1962ஆம் ஆண்டுப் போரின் விளைவாக வந்தது என்றும், அதற்கு முன் இம்மலைகள் எல்லோருக்கும் திறந்து கிடந்தன என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்தின் முற்பாதி பெரும்பாலும் சரி; பிற்பாதிக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. எழுத்துச் சான்றுகள் கிடைக்கும் காலம் முழுவதும் இக்கணவாய்கள் ஏதேனும் ஒரு நிபந்தனையின் பேரிலேயே திறக்கப்பட்டு வந்துள்ளன. அனுமதி அளிக்கும் உரிமை யாரிடம் இருந்தது, வருபவரிடம் என்ன கேட்கப்பட்டது, அவருக்காக யார் பிணை நின்றார் என்ற மூன்றும்தான் காலந்தோறும் மாறின.

மலையும் மக்களும்

இப்பகுதியில் மிக உயர்ந்த சிகரங்கள் நிற்கும் தொடர் நீர்ப்பிரிமேடாக அமையவில்லை என்பது இங்குள்ள போக்குவரத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாத செய்தி. நந்தாதேவி (7,816 மீட்டர்), திரிசூல் (7,120 மீட்டர்), பஞ்சசூலி முதலிய சிகரங்களுக்கு வடக்கே, அவற்றைவிட உயரம் குறைந்த மற்றொரு தொடரே கங்கை நீர்ப்பிடிப்பையும் திபெத்தியப் பீடபூமியையும் பிரிக்கிறது. சிகர வரிசையை அறுத்துக்கொண்டு தெற்கே பாயும் அலக்நந்தா, தௌலிகங்கா, கோரிகங்கா, காளி முதலிய ஆறுகளின் மேற்பகுதிகளே மேற்சொன்ன பள்ளத்தாக்குகள். ஆகவே தெற்கிலிருந்து இவற்றுக்குள் நுழைவதற்கு ஆறு குடைந்த குறுகிய பிளவுகளையும், வடக்கே வெளியேறுவதற்கு 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்களையும் நம்ப வேண்டியிருந்தது. நவம்பர் முதல் மே வரை பனி மூடிக்கிடக்கும் இக்கணவாய்கள் ஜூன் இறுதி முதல் அக்டோபர் வரையிலான சில மாதங்களிலேயே கடக்கத் தக்கவையாக இருந்தன. மனிதர் விதித்த தடை எதுவும் வருமுன்பே நுழைவுக்கு ஒரு காலவரம்பை இயற்கை விதித்திருந்தது.

ஆங்கிலேய ஆவணங்கள் போட்டியா என்று பொதுப்பெயரிட்ட மக்கள் இப்பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தனர். அவர்கள் ஒரே இனத்தவர் அல்லர்; ஜோஹாரில் சௌக்கா, தார்மா, சௌதான்ஸ், பியான்ஸ் பள்ளத்தாக்குகளில் ரங், நீத்தியிலும் மானாவிலும் தோல்ச்சா, மார்ச்சா, நேலாங்கில் ஜாத் எனத் தனித்தனிப் பெயரும் வழக்கும் உடையவர்கள். கோடையில் மேல் ஊர்களிலும் குளிர்காலத்தில் கீழ் ஊர்களிலும் தங்கும் இரட்டை வாழிடம் அவர்கள் அனைவருக்கும் பொதுவானது. ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில், கோரிகங்கை பிறக்கும் பனியாற்றின் அருகில் உள்ள மிலம், ஜோஹாரின் கடைசிப் பெரிய ஊர். அதன் மக்கள் பனிக்காலத்தில் முன்ஸியாரிக்கும் அதற்குத் தெற்கேயுள்ள தாழ்வான இடங்களுக்கும் இறங்கிவிடுவர்.

அவர்களுடைய வாழ்வாதாரம் வணிகம். திபெத்திலிருந்து உப்பு, வெண்காரம், ஆட்டுக் கம்பளி ஆகியவை தெற்கே வந்தன. தானியம், துணி, வெல்லம் ஆகியவை வடக்கே சென்றன. சரக்கின் பெரும்பகுதியைச் சுமந்தவை செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும். ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இருபுறம் தொங்கும் பைகளில் ஏறக்குறைய 10 கிலோ எடை ஏற்றப்பட்டது. மிலத்திலிருந்து கியானிமா சந்தைக்குப் போகும் வணிகர் ஊண்டா தூரா, ஜெயந்தி, கிங்ரி பிங்ரி என்ற மூன்று கணவாய்களை அடுத்தடுத்துக் கடக்க வேண்டியிருந்தது; இடையில் கால்நடைக்குத் தீவனமோ விறகோ கிடைக்காததால் மூன்றையும் ஒரே மூச்சில் கடந்துவிடுவதே வழக்கம். எந்த நாளில் புறப்படுவது, எங்கே தங்குவது, மேகம் எப்படித் திரண்டால் திரும்பிவிடுவது என்ற அறிவு தலைமுறை தலைமுறையாக இவ்வணிகக் குடும்பங்களிடம் சேர்ந்தது. இன்றைய நடைப்பயணிகள் தங்கும் லீலம், புக்டியார், ரில்கோட், மார்த்தோலி ஆகிய இடங்கள் அந்தப் பழைய வணிகப் பாதையில் அமைந்தவையே.

நோயும் நட்பும்: பழைய அனுமதி முறை

கணவாயில் பனி உருகியதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடும் உரிமை இவ்வணிகர்களுக்கு இருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கோடைத் தொடக்கத்தில், மேற்குத் திபெத்தின் கோட்டைத் தலைவரான ஜோங்பென் என்னும் அதிகாரி, தம் ஆளைப் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு அனுப்புவார். சர்ஜி எனப்பட்ட அந்த அலுவலர், தெற்கே அம்மையோ வேறு கொள்ளைநோயோ பரவியிருக்கிறதா, பஞ்சமோ போரோ நிகழ்கிறதா என்று விசாரித்து, ஊர்ப் பெரியவர்களிடம் உறுதிமொழி பெற்றுச் சென்ற பின்னரே கணவாய் திறக்கப்பட்டதாக அறிவிக்கப்படும். மக்கள்தொகை மிகக் குறைந்த, மருத்துவ வசதி அற்ற ஒரு பீடபூமியை நோயிலிருந்து காக்கும் தடுப்பு ஏற்பாடாகவும், வடக்கு நோக்கிப் படையெதுவும் வரவில்லை என்பதை உறுதிசெய்யும் உளவு ஏற்பாடாகவும் இது ஒருசேர விளங்கியது. அனுமதி பள்ளத்தாக்கு முழுமைக்கும் கூட்டாக அளிக்கப்பட்டதால் ஒருவர் பொய் சொன்னால் ஊர் முழுவதும் அந்த ஆண்டின் வணிகத்தை இழக்கும் நிலை இருந்தது. இம்முறையின் வலிமையும் அதுவே.

கூட்டு அனுமதிக்கு அடுத்த படியில் தனிமனித உறவு நின்றது. ஒவ்வொரு சௌக்கா அல்லது ரங் வணிகருக்கும் திபெத்தில் மித்ரர் எனப்பட்ட ஒரு நிலையான வணிகக் கூட்டாளி இருந்தார். இவர் அவரோடும் அவர் இவரோடும் மட்டுமே கொள்வினை கொடுப்பினை செய்ய வேண்டும் என்பது விதி. இவ்வுறவு ஏற்படும்போது ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பின்னாளில் வாரிசோ முகவரோ வந்தால், இரு பாதிகளும் பொருந்துவதே அவருடைய அடையாளச் சான்று. இந்த உறவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது, கடனுக்கு ஈடாகக் கைமாறியது, சில வேளைகளில் விற்கவும் பட்டது. மித்ரர் இல்லாத அந்நியர் ஒருவர் கணவாயைக் கடந்துவிட்டாலும், அங்கே அவருக்கு வாங்கவோ விற்கவோ ஆள் கிடையாது. எந்தப் பள்ளத்தாக்கினர் எந்தச் சந்தைக்குப் போகலாம் என்பதும் மரபால் வரையறுக்கப்பட்டிருந்தது. பியான்ஸ் மக்கள் லிபுலேக் கணவாய் வழியாகத் தக்லாகோட்டுக்கும், ஜோஹார் மக்கள் கியானிமாவுக்கும் சென்றனர்.

தெற்கிலிருந்த அரசுகளும் இவ்வாயில்களின் மதிப்பை அறிந்திருந்தன. குமாவோனை ஆண்ட சந்த் மரபின் பாஜ் பகதூர் சந்த் (1638–1678) இப்பள்ளத்தாக்குகளைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, கணவாய்களைக் கடந்து தக்லாகோட் வரை படை நடத்தினார். கயிலை, மானசரோவர் செல்லும் யாத்திரிகர்களின் வசதிக்காகச் சில ஊர்களின் வருவாயையும் ஒதுக்கினார். யாத்திரிகருக்கு வழி விடுவதும் வணிகரிடம் வரி கொள்வதும் ஆட்சியின் அடையாளங்களாகக் கருதப்பட்ட காலம் அது. ஆயினும் மலைப்பாதையில் அன்றாடக் கட்டுப்பாடு பள்ளத்தாக்கு மக்களிடமும் ஜோங்பெனிடமும்தான் இருந்தது.

வெளியார் வருகையும் மாறுவேடமும்

இந்த ஏற்பாட்டில் ஐரோப்பியருக்கு இடமில்லை. 1624இல் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அந்தோனியோ தே அந்திராதே, யாத்திரிகர்களோடு சேர்ந்து இந்துவைப் போல உடையணிந்து பத்ரிநாத் வழியாக மானா கணவாயைக் கடந்து, கூகே அரசின் தலைநகரான சபாரங்கை அடைந்தார். 1812இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக் கண்காணிப்பாளர் வில்லியம் மூர்க்ராஃப்ட்டும், ஹைதர் யங் ஹியர்சேயும் கோசாயித் துறவிகளாக வேடமிட்டு நீத்தி கணவாய் வழியாகக் கார்தோக்குக்கும் மானசரோவருக்கும் சென்றனர். பட்டினும் மெல்லிய கம்பளி தரும் ஆடுகளைத் தேடியதே அப்பயணத்தின் வெளிப்படையான நோக்கம். நீத்தி ஊர் மக்கள் முதலில் அவர்களுக்கு வழிவிட மறுத்ததும், நீண்ட பேச்சுக்குப் பின்னரே சுமையாட்கள் கிடைத்ததும், திரும்பும் வழியில் அப்போது குமாவோனை ஆண்ட கூர்க்கா அதிகாரிகள் அவர்களைச் சிறைவைத்ததும் அனுமதியற்ற நுழைவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை தடைகள் இருந்தன என்பதைக் காட்டுகின்றன.

1815இல் குமாவோன் கம்பெனியின் கைக்கு வந்தது. 1816இல் உறுதிசெய்யப்பட்ட சுகௌலி உடன்படிக்கை காளி ஆற்றை நேபாளத்தின் மேற்கு எல்லையாக்கியது. பள்ளத்தாக்குகள் ஆங்கிலேய ஆட்சிக்குள் வந்தபோதும் கணவாய்க்கு அப்பாலுள்ள வாயில் அவர்களுக்குத் திறக்கவில்லை. ஃபிரங்கி எவரையும் உடன் அழைத்து வருவதில்லை என்று திபெத்திய அதிகாரிகளுக்கு வாக்களித்த பின்னரே போட்டியா வணிகர்கள் சந்தைக்குச் செல்ல முடிந்ததால், ஐரோப்பியப் பயணி ஒருவரின் ஆசை பள்ளத்தாக்கு முழுவதன் பிழைப்பையும் ஆபத்தில் தள்ளக்கூடியதாக இருந்தது. 1841இல் ஜம்முவின் தளபதி சொராவர் சிங் மேற்குத் திபெத்தின்மீது படையெடுத்துத் தக்லாகோட் அருகே கொல்லப்பட்டபோது, எஞ்சிய வீரர்கள் பனிக்காலத்தில் லிபுலேக் வழியாகக் குமாவோனுக்குத் தப்பி வந்தனர். அந்தப் போரால் வணிகம் குலைந்ததோடு வெளியார்மீது இருந்த ஐயமும் கூடியது. 1846இல் ஹென்றி ஸ்ட்ராச்சி பியான்ஸ் வழியாக மானசரோவர் முதலிய ஏரிகளுக்குச் சென்றது மறைவாகத்தான். 1897இல் குமாவோனிலிருந்து அனுமதியின்றி உள்ளே புகுந்த ஹென்றி சாவேஜ் லாண்டர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகித் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஐரோப்பியர் போக முடியாத இடத்துக்குப் பள்ளத்தாக்கு மக்கள் போக முடிந்தது என்ற உண்மையை இந்திய நில அளவைத் துறை தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கப்பட்ட மாபெரும் முக்கோண அளவைப் பணி, வடக்கே நகர்ந்து இமயமலையை எட்டியபோது எல்லையில் நின்றுவிட்டது. அப்பணியைச் சேர்ந்த தாமஸ் மாண்ட்கோமரி, திபெத்தில் ஐயத்துக்கு இடமின்றி நடமாடக்கூடிய மலைநாட்டவர்களைப் பயிற்றுவித்து அனுப்பும் திட்டத்தை வகுத்தார். அத்திட்டத்தில் தலைசிறந்து விளங்கியவர் மிலத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங் ராவத். ஒரு மைலுக்கு 2,000 அடிவைப்பு என்ற கணக்கில் சீராக நடக்கப் பழகிய அவர், 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த செபமாலையால் அடிகளை எண்ணி, பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் குறிப்புகளை ஒளித்து, குமாவோன் வழியாக முதலில் எடுத்த முயற்சி கைகூடாமல் நேபாளம் வழியாகச் சென்று 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். 1877இல் லண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. பரம்பரை பரம்பரையாக வணிகத்துக்கு உதவிய நம்பிக்கையும் மொழியறிவும் இவ்வாறு பேரரசின் வரைபடத்துக்குப் பயன்பட்டன. அந்த நம்பிக்கையை மீறித்தான் அவை பயன்பட்டன என்பதையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை.

கோடு வருதல்

இன்று பயணிகளின் பேச்சில் தவறாது இடம்பெறும் உள் எல்லைக்கோடு என்ற கருத்து முதலில் தோன்றியது இங்கிருந்து வெகுதொலைவில், அஸ்ஸாமின் அடிவாரத்தில். 1873ஆம் ஆண்டு வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம், சமவெளி மாவட்டங்களுக்கும் மலைவாழ் மக்களின் நிலத்துக்கும் இடையே ஒரு கோட்டை வரைந்து, அனுமதிச்சீட்டு இன்றி ஆங்கிலேயக் குடிகள் அதைக் கடப்பதைத் தடுத்தது. தேயிலைத் தோட்டங்கள் மலைப்பகுதிக்குள் பரவியதாலும், ரப்பர், யானைத் தந்தம் போன்ற காட்டுப் பொருள்களைத் தேடி வணிகர்கள் நுழைந்ததாலும் எழுந்த மோதல்களைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். நாட்டின் எல்லைக்கு உட்பட்ட நிலத்திலேயே ஆட்சியின் முழுப் பொறுப்பை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ளும் நிர்வாக உத்தி என்பதால் அது உள் கோடு எனப்பட்டது. 1950இல் அச்சட்டத்தின் வாசகம் இந்தியக் குடிமக்களைக் குறிப்பதாக மாற்றப்பட்டது. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் ஆகிய மாநிலங்களில் நடைமுறையில் இருந்துவந்த அது, 2019 டிசம்பரில் மணிப்பூருக்கும் விரிவாக்கப்பட்டது.

குமாவோன், கர்வால் பகுதிகளின் கோடு பெயரில் ஒன்றாயினும் பிறப்பில் வேறு. அங்கே மலைவாழ் மக்களின் நிலத்தைச் சமவெளியாரிடமிருந்து பிரிப்பது நோக்கமாக இருந்தது. இங்கே அயல்நாட்டு எல்லையிலிருந்து பயணியைத் தள்ளி வைப்பதே நோக்கம். 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின்கீழ் 1958இல் பிறப்பிக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஆணை, உள் எல்லைக்கோட்டுக்கும் பன்னாட்டு எல்லைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அயல்நாட்டவர் தனி அனுமதியின்றி நுழைவதைத் தடுத்தது. 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம், எல்லையோரப் பகுதிகளை அறிவிக்கை செய்து அங்கே எவருடைய நுழைவையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. வெளிநாட்டுப் பயணிக்கும் இந்தியப் பயணிக்கும் இன்று வெவ்வேறு விதிகள் இருப்பதன் வேர் இவ்விரு சட்டங்களில் உள்ளது.

இந்த இறுக்கம் வருவதற்குச் சற்று முன்பு, பழைய முறையை எழுத்தில் காப்பாற்ற ஒரு முயற்சி நடந்தது. 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட, பஞ்சசீலக் கொள்கைகளை முகப்புரையில் கொண்ட உடன்பாடு, அரசியல் வரலாற்றில் அக்கொள்கைகளுக்காகவே நினைக்கப்படுகிறது. அதன் உடற்பகுதி முழுவதும் வணிகத்தையும் யாத்திரையையும் பற்றியது. ஷிப்கி லா, மானா, நீத்தி, கிங்ரி பிங்ரி, தார்மா, லிபுலேக் ஆகிய ஆறு கணவாய்கள் வணிகருக்கும் யாத்திரிகருக்கும் உரியவையாகப் பெயர் சொல்லப்பட்டன. மரபாக வணிகம் செய்துவந்தோர் உள்ளூர் அதிகாரியின் சான்று வைத்திருந்தால் போதும். சிறு வணிகத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ கணவாய் கடக்கும் எல்லை மாவட்டத்தாருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையில்லை. யாத்திரிகர் மறுபக்கச் சாவடியில் பதிவு செய்து அனுமதி பெற்றுக்கொள்ளலாம். பள்ளத்தாக்கின் வழக்கத்தை இரு அரசுகள் சட்டமாக ஏற்றுக்கொண்ட அந்த உடன்பாட்டுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 8 ஆண்டுகள். இடையே உறவு கெட்டது; 1960 பிப்ரவரியில் உத்தரகாசி, சமோலி, பித்தோராகட் ஆகிய மூன்று எல்லை மாவட்டங்கள் புதிதாக உருவாக்கப்பட்டன; 1962 ஜூனில் உடன்பாடு புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது; அக்டோபரில் போர் மூண்டது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1962 அக்டோபர் 24 அன்று, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை நிறுவப்பட்டது.

மூடிய காலமும் திறந்த காலமும்

போரின் விளைவு பள்ளத்தாக்குகளுக்கு நிலம் இழப்பாக வரவில்லை. பிழைப்பு இழப்பாக வந்தது. கணவாய் மூடியதும் ஆட்டு மந்தைகளுக்கு வேலையில்லாமற்போனது. மித்ரரிடம் தங்கிய கடன்கள் அப்படியே நின்றன. நேலாங், ஜாதுங் ஊர்களின் ஜாத் மக்கள் கீழேயுள்ள பகோரிக்கும் துண்டாவுக்கும் இடம்பெயர்ந்தனர். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் நிறைந்திருந்த மிலத்தில் கூரை சரிந்த கற்சுவர்களே மிகுந்தன. 1967இல் போட்டியா மக்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டது அவர்களுள் பலருக்குக் கல்வியையும் அரசுப் பணியையும் திறந்தது. அதே காரணத்தால் கணவாய் அறிந்த தலைமுறையின் பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றனர்.

மலையேற்ற வீரர்களுக்கும் கதவு மூடியது. 1907இல் டாம் லாங்ஸ்டாஃப் திரிசூலை ஏறியது, 1934இல் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் மூன்று ஷெர்பாக்களோடு ரிஷிகங்கைப் பிளவின் வழியாக நந்தாதேவி உள்வட்டத்துக்குள் நுழைந்தது, 1936இல் டில்மனும் நோயல் ஓடெல்லும் நந்தாதேவி உச்சியை அடைந்தது ஆகியவை ஆங்கிலேய ஆட்சியின் மாவட்ட நிர்வாகத்தோடு கொண்ட இணக்கத்தால் எளிதாயின. 1962க்குப் பின் அயல்நாட்டுக் குழுக்கள் இங்கே வரவில்லை. ஒரே விதிவிலக்கு, வெளியே சொல்லப்படாதது. சீனாவின் அணுகுண்டு, ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்க, 1965இல் அமெரிக்க, இந்திய உளவு நிறுவனங்கள் சேர்ந்து அனுப்பிய குழு, புளூட்டோனியத்தால் இயங்கும் மின்னாக்கியை நந்தாதேவியின் சரிவில் விட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டு சென்று பார்த்தபோது அது காணாமற்போயிருந்தது. 1978இல் செய்தி வெளியானதும் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டார்.

1974இல் கர்வாலின் சில பகுதிகளும் லடாக்கும் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டன. அவ்வாண்டே கிறிஸ் பானிங்டனும் பல்வந்த் சந்துவும் தலைமையேற்ற இந்திய-பிரிட்டிஷ் கூட்டுக்குழு சங்கபங் சிகரத்தை ஏறியது. தொடர்ந்து குழுக்கள் நந்தாதேவி உள்வட்டத்துக்குப் பெருகின. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டதும், குப்பை குவிந்ததும், விலங்குகள் வேட்டையாடப்பட்டதும் புதிய தடை ஒன்றைக் கொண்டுவந்தன. 1982இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டுக்குள் மலையேற்றமும் மேய்ச்சலும் நிறுத்தப்பட்டன. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இத்தடையின் சுமை அதற்குக் காரணமானோரைவிட லாத்தா, ரேணி ஊர்களின்மீதே கூடுதலாக விழுந்தது. 1974 மார்ச்சில் கௌரா தேவி தலைமையில் மரங்களைக் கட்டியணைத்துக் காத்த ரேணியின் மக்களே, எட்டு ஆண்டுகளுக்குப் பின் மேய்ச்சலையும் சுமைத்தொழிலையும் இழந்தனர் என்பது சூழல் காப்பு வரலாற்றின் கசப்பான முரண்களில் ஒன்று. 2003இல் பூங்காவின் வெளிவட்டப் பாதை ஒன்று, உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்ல வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில், வரையறுத்த எண்ணிக்கையிலான பயணிகளுக்குத் திறக்கப்பட்டது.

எல்லைக் கட்டுப்பாடுகளும் படிப்படியாகத் தளர்ந்தன. 1981இல் கயிலை யாத்திரை லிபுலேக் வழியாக அரசு ஏற்பாட்டில் மீண்டும் தொடங்கியது. 1992இல் அதே கணவாயில் வணிகம், பழைய அளவின் மிகச் சிறிய பங்காக, மறுபடி அனுமதிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் கின்னௌர், ஸ்பிதி பகுதிகளும் அனுமதிச்சீட்டோடு வெளிநாட்டவர் செல்லக்கூடியவையாயின. 2015இல் நேலாங் பள்ளத்தாக்கு இந்தியப் பயணிகளுக்குப் பகல்நேர வருகைக்காகத் திறக்கப்பட்டது. பாறையில் பொருத்திய மரப்படிக்கட்டுகளாலான கர்தாங் கலி என்னும் பழைய வணிகப் பாதை பழுதுபார்க்கப்பட்டு 2021இல் பொதுமக்களுக்கு விடப்பட்டது.

இன்றைய ஆயத்தத்தில் பழைய அடுக்குகள்

இவ்வரலாற்றின் ஒவ்வோர் அடுக்கும் இன்றைய பயணத் திட்டமிடலில் தடம் பதித்துள்ளது. ஜோஹாருக்கு முன்ஸியாரியிலும் பியான்ஸுக்குத் தார்ச்சூலாவிலும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெறுவது, 1960இல் அமைந்த எல்லை மாவட்ட நிர்வாகத்தின் தொடர்ச்சி. வெளிநாட்டவர் பதிவுபெற்ற பயண நிறுவனத்தின் வழியாகக் குழுவாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், சில நாடுகளின் குடிமக்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் முன் ஒப்புதல் தேவை என்பதும் 1958ஆம் ஆண்டு ஆணையின் வழிவந்தவை. செயற்கைக்கோள் தொலைபேசியை அரசின் அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடாது என்ற விதியும், எல்லையோரப் பகுதிகளின் விரிவான நில அளவை வரைபடங்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் இருந்ததும் பாதுகாப்புக் கருத்தின் விளைவுகள். நைன் சிங் மறைந்திருந்து அளந்த நிலத்தின் வரைபடம், அவருடைய ஊர்க்காரருக்கே மறைபொருளானது.

மிலத்திலிருந்து ஊண்டா தூரா வழியாக நீத்தி பள்ளத்தாக்கின் மலாரிக்குச் செல்லும் நெடும்பயணம் இவ்வடுக்குகள் அனைத்தையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டு. ஒரு பள்ளத்தாக்கில் ஏறி மற்றொன்றில் இறங்குவதால் பித்தோராகட், சமோலி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களின் எல்லைகளை அது தொடுகிறது. புறப்படும் இடத்தில் பெற்ற அனுமதி மறுமுனையில் உள்ள சாவடிக்கும் தெரிந்திருக்க வேண்டியுள்ளது. தங்குமிடங்களும் நீர்நிலைகளும் ஆட்டு மந்தை ஓட்டியவர்கள் வகுத்தவை. புறப்படும் காலமும் அவர்களுடையதே: ஜூனில் பனி மிகுதி, ஜூலையிலும் ஆகஸ்டிலும் கீழ்ப்பாதையில் நிலச்சரிவு, செப்டம்பரில் தெளிந்த வானம், அக்டோபர் நடுவில் மீண்டும் பனி என்ற கணக்கை மீறிய திட்டம் எந்த அனுமதியாலும் நிறைவேறுவதில்லை. 1998 ஆகஸ்டில் காளிப் பள்ளத்தாக்கின் மால்பாவில் சரிந்த மலை கயிலை யாத்திரிகர் உட்பட 200க்கும் மேற்பட்டோரைப் புதைத்ததும், 2013 ஜூன் வெள்ளத்தில் பாலங்களும் பாதைகளும் அடித்துச் செல்லப்பட்டதும் இக்கணக்கின் கடுமையை உணர்த்தின.

அண்மைக் காலத்தில் நுழைவின் தன்மையை மாற்றிவருவது சாலை. 2020 மே மாதத்தில் லிபுலேக்குக்கான எல்லைச் சாலை திறக்கப்பட்டபோது நேபாளம் அந்நிலத்துக்கு உரிமை கோரி எதிர்ப்புத் தெரிவித்தது. முன்பு சில நாள்கள் நடந்து அடைய வேண்டியிருந்த, அச்சாலை வழியிலுள்ள குஞ்சி என்ற ஊருக்கு இப்போது வாகனம் செல்கிறது. 2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த துடிப்பான கிராமங்கள் திட்டம், எல்லை ஊர்களில் மக்களை மீண்டும் குடியமர்த்துவதையும் சுற்றுலா வருவாயை உருவாக்குவதையும் நோக்கமாகக் கொண்டுள்ளது. நாட்டின் கடைசி ஊர் எனப்பட்ட மானாவின் பெயர்ப்பலகையில் முதல் ஊர் என்று எழுதப்பட்டதும் அவ்வாண்டில்தான். வெறுமையாக்கிப் பாதுகாக்க வேண்டிய நிலம் என்று 1962க்குப் பின் கருதப்பட்ட எல்லை, குடியிருப்பால் பாதுகாக்க வேண்டிய நிலம் என்று இப்போது கருதப்படுகிறது.

நான்கு நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், அனுமதியின் கேள்வி ஒவ்வொரு காலத்திலும் அக்காலத்து அச்சத்தையே எதிரொலித்திருப்பது புலப்படுகிறது. ஜோங்பென் நோய்க்கு அஞ்சினார், திபெத் ஃபிரங்கிக்கு அஞ்சியது, 1958ஆம் ஆண்டு ஆணை உளவாளிக்கு அஞ்சியது, 1982ஆம் ஆண்டு அறிவிப்பு குப்பைக்கும் கோடரிக்கும் அஞ்சியது. அச்சங்கள் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. ஆனால் முதல் முறையில் மட்டுமே பொறுப்பும் பயனும் ஒரே மக்களிடம் சேர்ந்திருந்தன. ஊர் பிணை நின்றது, ஊரே வணிகத்தால் வாழ்ந்தது. பின்வந்த முறைகளில் பிணை கோப்புக்கு மாறியது. பள்ளத்தாக்கு மக்களுக்குக் கட்டுப்பாட்டின் சுமை மட்டும் மிஞ்சியது. உள்ளூர் வழிகாட்டியையும் ஊர் வீட்டுத் தங்கலையும் நிபந்தனையாக்கும் அண்மைய ஏற்பாடுகள் அந்தப் பிரிவைச் சற்றே சரிசெய்யும் முயற்சிகள் எனலாம். நுழைவுச்சீட்டின் விதிகள் இனி எப்படி மாறினாலும், யாரை எப்போது எவ்வழியில் அனுப்பலாம் என்ற முடிவில் மிலம், லாத்தா, குஞ்சி போன்ற ஊர்களுக்குக் கிடைக்கும் பங்கே அவ்விதிகளின் தகுதியை அளக்கும் அளவுகோலாக இருக்கும்.